பள்ள நிலத்தில் நிற்கும் நீருக்கு அரசு பணம் தருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். குறிஞ்சிப்பாடி வட்டத்தில், பெருமாள் ஏரிக்குக் கீழ்ப்பக்கம், உங்களுக்குத் தந்தை வழியில் வந்த மூன்றரை ஏக்கர் பட்டா நிலம் பள்ளமாக இருக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்தால் தை பிறக்கும் வரை ஒன்றரை அடித் தண்ணீர் அதில் நிற்கிறது; சம்பா நட்டால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுகிப்போகிறது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன் மகன், அங்கே இப்படிப்பட்ட நிலத்தைச் சதுப்பாகவே விட்டுவைக்கும் உரிமையாளருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதுபோன்ற மானியம் கடலூர் மாவட்டத்திலோ பக்கத்தில் புதுச்சேரியிலோ உண்டா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசி வரியில், இல்லையென்றால் மண்ணடித்து மேடாக்கி மனைக்குக் கேட்பவரிடம் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்கள் மனத்தில் கனமாக இருப்பது என்று எனக்குப் படுகிறது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நேரான பதில் இதுதான்: பட்டா நிலத்தில் தண்ணீரை நிற்கவிட்டதற்காக ஆண்டுதோறும் உரிமையாளருக்குப் பணம் தரும் திட்டம் தமிழ்நாட்டிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. நீருக்கென்று இங்கே கிடைக்கும் மானியங்கள் எல்லாம் எதையாவது வெட்டுவதற்கும் பதிப்பதற்கும் வாங்குவதற்கும் உரியவை. நான் மண், நீர் பாதுகாப்புப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்து வயல்களில் நின்றவன். குட்டை அளப்பதும் வரப்பு மட்டம் பார்ப்பதும் மானிய விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதும்தான் என் தொழிலாக இருந்தன. வழக்கறிஞர் அல்லன். ஆகவே நிலத்தைப் பற்றியும் திட்டங்களைப் பற்றியும் நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிச் சொல்வதை மட்டும் உங்கள் ஊரில் பத்திரங்களைப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் அண்ணன் மகன் சொன்னது உண்மை. அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு வேளாண் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, மண்ணரிப்புக்கு ஆளாகும் நிலத்தைப் பயிரிடாமல் புல்லோ மரமோ வளர்த்து விட்டுவைப்பவருக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வருட வாடகை தருவது. இன்னொன்று, ஈரநிலத்தை வடித்துப் பயிர்நிலமாக்கினால் அந்த விவசாயிக்கு மற்ற வேளாண் மானியங்களை நிறுத்துவது. இந்த இரண்டாவதைப் பலர் சொல்வதில்லை, உங்கள் உறவினரும் சொல்லியிருக்கமாட்டார். 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஈரநிலங்களுக்கென்றே தனித் திட்டம் கொண்டுவந்தது. 2014இல் அது வேறு சில திட்டங்களோடு சேர்த்து ஒன்றாக்கப்பட்டது. அதில் நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். ஆனால் அதை உழவும் கட்டடம் கட்டவும் அவருக்குள்ள உரிமையை அரசு விலை கொடுத்து வாங்கிப் பதிவு செய்துகொள்ளும். நிரந்தரமாக எழுதிக்கொடுத்தால் அந்த உரிமையின் மதிப்பு முழுவதும் கிடைக்கும். முப்பது ஆண்டுக்கு எழுதிக்கொடுத்தால் முக்கால் பங்குவரை கிடைக்கும். நிரந்தரமாக எழுதிக்கொடுத்தது மகனையும் பேரனையும், பிற்காலத்தில் அந்த நிலத்தை வாங்குபவரையும் கட்டும். ஆகவே அது இனாமாக வரும் பணம் அன்று. நிலத்தின் ஒரு கையை விற்ற பணம். அப்படி ஒரு திட்டம் நாளைக்கே இங்கே வந்தாலும் நீங்கள் கையெழுத்திடுவீர்களா என்று ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இது வெளிநாட்டுச் சிந்தனை, நமக்குப் பழக்கமில்லாதது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. மானியம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது பம்புசெட் வாங்கும்போது கழித்துக்கொடுக்கும் தொகை. நம் தாத்தா காலத்தில் அது வரி இல்லாமல் விடப்பட்ட நிலம். ஊருக்கு ஒருவர் செய்துவரும் ஊழியத்துக்காக, அவர் அதைச் செய்துவரும் காலம் வரை அனுபவிக்கக் கொடுத்தது. ஏரிக்காவலுக்கும் மடை திறப்பதற்கும் நீர்க்கட்டிகளுக்கு அப்படி நிலமும் களத்து நெல்லில் பங்கும் இருந்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்று வருகிறது. ஒரு நிலத்தின் வருமானத்தை ஏரியைப் பேணுவதற்கென்றே ஒதுக்கிவைத்தது அது. பிரிட்டிஷ் காலச் சென்னை மாகாணத்தில் தசபந்தம் என்ற இனாம் இருந்தது: தன் செலவில் ஏரியோ குளமோ வெட்டி, அதைத் தொடர்ந்து பழுதுபார்த்தும் வருபவருக்கு நிலவரியில் ஒரு பங்கை அரசு விட்டுக்கொடுக்கும். வெட்டியதற்கு மட்டும் அன்று, காத்துவருவதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சலுகை. ஆக, நீரைக் காப்பவருக்கு ஆண்டுதோறும் கொடுப்பது என்பது நம்மிடம் இருந்து, நாம் கைவிட்ட பழக்கம். இன்றைய மானியம் ரசீதைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது; ஐந்து வருடம் கழித்து அந்தக் குட்டையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. என் பணிக்காலம் முழுவதும் என்னை உறுத்திய குறை இது.

இனி, ஈரநிலப் பாதுகாப்பு என்ற பெயரில் செய்தித்தாளில் வருபவை உங்கள் நிலத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்போம். இங்கே ஒரு சொற்குழப்பம் இருக்கிறது. வருவாய்த் துறையின் ஆங்கிலக் கணக்கில் உங்கள் நிலத்தைக் குறிக்கும் சொல்லும், சுற்றுச்சூழல் சட்டத்தில் ஈரநிலத்தைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒன்றே: வெட்லேண்ட். ஆனால் முன்னதன் பொருள் நன்செய், அதாவது பாசனம் பெறும் நிலம். பின்னதன் பொருள் சதுப்பு, கழிமுகம், ஏரி போன்றவை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் நெல்வயலையும், பாசனத்துக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலைகளையும், ஆற்றின் நீரோட்டப் பகுதியையும் தெளிவாக விலக்கிவிட்டன. எனவே நெல்வயல் என்று கணக்கில் உள்ள உங்கள் பள்ளம், மூன்று மாதம் கொக்கும் நாரையும் மேய்ந்தாலும், அந்த விதிகளின்படி ஈரநிலம் ஆகாது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பிச்சாவரம், 2024இல் சேர்ந்த மரக்காணம் பக்கத்துக் கழுவேலி, புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் பொதுவான ஊசுட்டேரி ஆகியவை பெரும்பாலும் அரசுப் பொறுப்பில் உள்ள நீர்ப்பரப்புகள். தமிழ்நாடு ஈரநில இயக்கம் 100 ஈரநிலங்களை இலக்காக வைத்துத் தொடங்கப்பட்டது. அதன் பணம் அந்த நீர்நிலைகளைச் சீரமைக்கப் போகிறதே தவிர, பக்கத்துப் பட்டாதாரர் கைக்கு வருவதில்லை. புதுச்சேரியில் 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு 84 ஏரிகளைப் புதுப்பித்தார்கள்; அங்கும் ஏரிக்கு ஒரு பயனாளர் சங்கம் அமைத்து அதன் வழியாகத்தான் வேலை நடந்தது. தனி உரிமையாளருக்கு நீர்க்கூலி என்பது அதிலும் இல்லை.

இந்தியாவிலேயே நீங்கள் கேட்பதற்கு மிக நெருங்கி வருவது கேரளம். அங்கே 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயலை மண்ணிட்டு மூடுவதைக் கட்டுப்படுத்தியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2020இல், வயலை மாற்றாமல் காத்துவரும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ரூ.2,000 என்று ஓர் உரிமைத்தொகை தரத் தொடங்கினார்கள். வயல் வெள்ளத்தைத் தாங்குகிறது, நிலத்தடிக்கு நீர் கொடுக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். தடையை முதலில் போட்டு, அதனால் விலை இழந்தவருக்குப் பிறகு ஒரு சிறு ஈடு கொடுத்தார்கள் என்று நான் அதை வாசிக்கிறேன். உங்கள் மூன்றரை ஏக்கர் ஏறக்குறைய 1.4 ஹெக்டேர், அந்தக் கணக்கில் உங்களுக்கு வருடம் ரூ.2,800 வரும். வரவேற்க வேண்டிய தொடக்கம், ஆனால் மனை விலையின் முன்னால் நிற்கும் தொகை அன்று. பஞ்சாபில் 2018இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், மோட்டாருக்கு ஒதுக்கப்பட்ட மின்சாரத்தில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரூ.4 விவசாயியின் கணக்கில் வரவு வைத்தார்கள். ஹரியானாவில் 2020இல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு ரூ.7,000 என்று அறிவித்தார்கள். இவ்விரண்டும் இறைக்காமல் விட்ட தண்ணீருக்கு விலை. நிலத்தில் தேங்கவிட்ட தண்ணீருக்கு இன்னும் யாரும் சரியான விலை போடவில்லை.

இங்கே உண்மையில் கிடைப்பவற்றுக்கு வருகிறேன். சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனத்துக்கு மத்தியத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம், மற்றவருக்கு 45 சதவீதம் என்று இருப்பதைத் தமிழ்நாடு அரசு தன் பங்கைச் சேர்த்து முறையே 100, 75 சதவீதமாகக் கொடுக்கிறது. மேட்டுப் பகுதியில் உங்களுக்கு வேறு நிலமும் கிணறும் இருந்தால் அது பயன்படும். பள்ளத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை. மீன் குளத்துக்குப் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் உண்டு. பண்ணைக்குட்டை வெட்டுவதற்கு வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு திட்டங்களின் கீழ் முழு மானியம் வரை கொடுத்திருக்கிறார்கள். உங்களைப் போன்ற நிலம் உள்ளவரிடம் எல்லோரும் முதலில் சொல்லுவது இந்தக் குட்டையைத்தான். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வழக்கமான பண்ணைக்குட்டை 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர். கரை சரியாமல் இருக்கப் பக்கங்களைச் சரிவாக வெட்டுவதால் அது கொள்ளும் நீர் 1,500 கன மீட்டருக்குச் சற்றுக் குறையும். உங்கள் நிலம் இப்போது, யாரும் ஒரு கூடை மண் எடுக்காமலே, எவ்வளவு கொள்கிறது என்று பாருங்கள். மூன்றரை ஏக்கர் என்பது 14,000 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒன்றரை அடி உயரத்துக்கு நீர் நின்றால் ஏறக்குறைய 6,400 கன மீட்டர், அதாவது 64 லட்சம் லிட்டர். நாலு குட்டைக்கு மேற்பட்ட தண்ணீர். அந்த நாலு குட்டைகளை வெட்டினால் அரசு லட்சக்கணக்கில் செலவிடத் தயாராக இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பள்ளத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. குட்டையை அளக்கலாம், புகைப்படம் எடுக்கலாம், கணக்குத் தணிக்கையில் காட்டலாம். நிற்கும் நீரை அப்படிக் காட்டும் வழியை நாங்கள் யாரும் உருவாக்கவில்லை. அது என்னைப் போன்றவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

குட்டை எல்லா இடத்துக்கும் நல்லது என்பதும் சரியன்று. பரங்கிப்பேட்டைப் பக்கத்தில், கடலுக்கு அதிகத் தொலைவில்லாத மணற்பாங்கான ஒரு நிலத்தில், பல ஆண்டுகளுக்கு முன் நான் மட்டம் பார்த்துக் குறித்துக் கொடுத்த இடத்தில் ஒரு குட்டை வெட்டப்பட்டது. முதல் மழையில் நிரம்பியது. அந்த விவசாயி வீட்டுக்கு வந்து வாழைத்தார் கொடுத்துவிட்டுப் போனார். பங்குனியில் அவர் நாற்றுக்கு இறைத்தார், நாற்று நுனி கருகியது. தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் உவர்ப்பு. காரணம் எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டியது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் கரையோர மணலில் அது உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால் அதன் கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை உப்புநீரை அது அழுத்திப் பிடிக்கும். குட்டையைத் தோண்டி, வெயிலில் ஆவியாகவும் விட்டு, மோட்டாரும் வைத்து அந்த மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயிருக்கும் உப்பு அதற்குப் பல மடங்கு ஏறிவரப் பார்க்கும். திட்டத்தின் பார்வையில் அந்தக் குட்டை வெற்றி. அளவு சரியாக இருந்தது, பணம் பட்டுவாடா ஆனது. அந்த மனிதருக்கு அது நட்டம், அதற்குக் காரணம் என் கையெழுத்து. அன்றிலிருந்து கடலோர வட்டாரத்தில் யார் குட்டை கேட்டாலும் கோடையில் பக்கத்துக் கிணற்று நீரை ருசி பார்க்காமல் நான் எதுவும் சொன்னதில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் உங்கள் பள்ளத்தின் அருமை தெரியும். மேலே நன்னீர் தேங்கி நிற்கும் மாதங்கள் நிலத்தடியில் உப்பை அழுத்தி வைக்கும் மாதங்கள். கடலூர் முதல் புதுச்சேரி வரை கரையோரக் கிணறுகள் உவர்த்துவருவதற்கு அதிகமாக இறைப்பது முதற்காரணம் என்பதில் சந்தேகமில்லை. மேலிருந்து இறங்க வேண்டிய நீருக்கு இடம் குறைந்துவருவது அதற்குத் துணைக்காரணம். ஆனால் உங்கள் மூன்றரை ஏக்கரில் நிற்கும் நீரில் எவ்வளவு உண்மையில் கீழே இறங்குகிறது என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் பகுதியில் களிமண் அதிகம்; களி இறுகினால் தண்ணீர் நிற்குமே தவிர இறங்காது, பெரும்பங்கு ஆவியாகவே போகும். மாசியில் நிலம் காய்ந்ததும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, காலை முதல் மாலை வரை எத்தனை விரற்கடை இறங்குகிறது என்று பாருங்கள். நாலு விரலுக்கு மேல் இறங்கினால் உங்கள் நிலம் ஊருக்கே தண்ணீர் ஊட்டுகிறது என்று தைரியமாகச் சொல்வேன். ஒரு விரலும் இறங்கவில்லையென்றால் அதன் பயன் வெள்ளத்தைத் தாங்குவதில் இருக்கிறது.

அந்தப் பயன் சிறியதன்று. பரவனாறு உங்கள் பக்கத்து நீரையெல்லாம் வாங்கி உப்பனாற்றில் சேர்ந்து கடலூர் முதுநகர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது; கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் அந்த வாய் வாங்காது, தண்ணீர் எங்காவது காத்திருக்க வேண்டும். அது காத்திருக்கும் இடம் உங்கள் நிலத்தைப் போன்ற பள்ளங்கள். 2015 நவம்பரில் இந்த மாவட்டம் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது; அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர், பாகூர் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. அத்தகைய ஆண்டுகளில் பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தால் நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000 என்று தமிழ்நாடு அரசு நிவாரணம் கொடுத்திருக்கிறது. அரசாங்கம் உங்கள் பள்ளத்துக்கு ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். பயிர் மூழ்கிய பிறகு, நட்டத்தின் பெயரில் கொடுக்கிறது. அந்த நிலம் தண்ணீரைத் தாங்கியதால் பக்கத்துத் தெருவில் ஏறாமல் போன வெள்ளத்தின் பெயரில் கொடுப்பதில்லை. நிவாரணத்துக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதியை, ஆண்டுதோறும் வெள்ளம் வாங்கும் சர்வே எண்களுக்கு முன்கூட்டியே ஒரு தாங்குகூலியாகக் கொடுத்தால் அரசுக்கும் செலவு குறையலாம். இது என் கருத்து. கணக்குப் போட்டு நிரூபித்தவன் அல்லன்.

அப்படி ஒரு திட்டம் வருமானால் அதில் நான் அஞ்சும் இடம் ஒன்று உண்டு. பணம் பட்டாதாரர் பெயருக்கு வரும். நம் மாவட்டத்தில் பட்டா ஒருவர் பெயரிலும் உழவு இன்னொருவர் கையிலும் இருப்பது சாதாரணம். வாய்மொழிக் குத்தகை, கோயில் நிலக் குத்தகை, நாலு பங்காளிகள் சேர்ந்த கூட்டுப் பட்டா என்று பல விதம். நிலத்தை உழாமல் விட்டதற்கு உரிமையாளருக்குப் பணம் வந்தால் அதில் நட்டுப் பிழைத்தவருக்கும், தேங்கிய நீரில் மீன் பிடித்தவருக்கும், கோரை அறுத்தவருக்கும், மாடு மேய்த்தவருக்கும் என்ன கிடைக்கும்? அமெரிக்காவில் ஒரு கையெழுத்தில் முடிவது இங்கே ஐந்து குடும்பங்களின் சண்டையாகும். அதற்கு விடை காணாமல் கேரளத்தையோ அமெரிக்காவையோ அப்படியே நகலெடுப்பது நல்லதன்று.

இன்னொரு எச்சரிக்கை. 2023 அக்டோபரில் மத்திய அரசு, சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்பவரின் கணக்கில் வரவுப் புள்ளிகள் சேர்க்கும் பசுமை வரவு விதிகளை அறிவித்தது. அதில் நீர் மேலாண்மையும் ஓர் இனமாகச் சொல்லப்பட்டது. ஆனால் முதலில் நடைமுறைக்கு வந்தது தரம் குன்றிய வனநிலத்தில் மரம் நடுவதுதான். அதைக் காட்டியும் கார்பன் வரவு என்று சொல்லியும், உங்கள் சதுப்புக்கு வருடம் இவ்வளவு வரும், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் பணமும் கொடுக்காதீர்கள், சிட்டா நகலும் கொடுக்காதீர்கள். நேர்மையான ஒப்பந்தம் என்றால் அது எத்தனை ஆண்டுக்கு உங்களைக் கட்டுகிறது, விலகினால் என்ன, நிலத்தை விற்றால் என்ன என்ற மூன்றும் தமிழில் எழுதப்பட்டிருக்கும்.

இனி மண்ணடிப்பது. நிலம் உங்களுடையது, விற்பதும் உங்கள் உரிமை. வீட்டில் என்ன தேவை இருக்கிறது என்பதை அறியாமல் நான் உபதேசம் செய்யமாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன். மூன்றரை ஏக்கர் என்பது சுமார் 1,52,000 சதுர அடி. மூன்று அடி உயர்த்தினால் நாலரை லட்சம் கன அடி மண் வேண்டும். மூன்று யூனிட் டிப்பரில் 300 கன அடி; ஆக 1,500 நடைக்கு மேல். அது இறுகி அமரும்போது இன்னும் கேட்கும். நன்செய்யை மனையாக்க ஊரமைப்பு ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடையாக நிற்கிறது. உங்கள் ஒன்றியம் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் இல்லை. காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்தும்தான் நம் மாவட்டத்திலிருந்து அதில் வருகின்றன. எனினும், மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் வாய்க்கால் இல்லாமலே இயல்பாகப் பள்ள நிலத்துக்கு ஓடிவருவதை அனுமதிக்க வேண்டும் என்பது மேட்டு நிலத்தாரின் உரிமை என்று 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் மேடாக்கினால் அந்த 64 லட்சம் லிட்டர் மறைந்துவிடாது, பக்கத்து வயலுக்கும் வீட்டுக்கும் போய் நிற்கும். அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் அவர்களிடம் ஆதாரம் இருக்கும். வாங்குபவர் இதைக் கேட்கமாட்டார், ஏனென்றால் விற்பதற்கு முன் மண்ணடிப்பவர் நீங்கள்.

விற்காமல் வைத்திருக்க முடியுமானால், நான் உங்கள் இடத்தில் செய்வது இதுதான். நிலம் முழுவதையும் ஒரே மாதிரி நடத்தமாட்டேன். கார்த்திகையில் நீர் நிற்கும்போது நாலு மூலையிலும் நடுவிலும் மூங்கில் நட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டால் எந்தப் பகுதி முக்கால் அடிக்குக் குறைவு, எது இரண்டு அடி என்பது தெரிந்துவிடும். ஆழம் குறைந்த பகுதியில் சி.ஆர். 1009 சப் 1 போன்ற, முழுதாக மூழ்கினாலும் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும் ரகம் போடலாம்; ஆனால் அது 155 நாள் பயிர், மழைக்கு முன் நட்டு வேர் பிடித்திருக்க வேண்டும், நட்ட வாரத்திலேயே மூழ்கினால் அதுவும் போய்விடும். மடுமுழுங்கி என்ற மரபு ரகம் பெயருக்கேற்ப ஆழ்நீரில் எழுந்து நிற்பது. விளைச்சல் குறைவு, வைக்கோல் அதிகம், விதையை மரபுநெல் வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். மிக ஆழமான பகுதியைப் பயிரிட முயலாமல் விட்டு, தை முடிவில் நீர் வடிந்ததும் உளுந்தோ பச்சைப்பயறோ ஈரத்திலேயே தெளித்துவிடுவது செலவில்லாத வழி. அந்தப் பகுதியைக் கரைபோட்டு மீன் குளமாக்கினால் மானியம் கிடைக்கும். ஆனால் கரை போட்டதும் வெள்ளம் அதற்குள் வராது, அதன் பெயர் நீர்ப் பாதுகாப்பு அன்று என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

வேளாண் அலுவலகத்துக்குப் போகும்போது சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம், வட்டாட்சியர் கொடுக்கும் சிறு, குறு விவசாயிச் சான்று ஆகியவற்றோடு, நீர் நிற்கும்போது எடுத்த படங்களையும் தேதியோடு கொண்டுபோங்கள். கிராம வரைபடத்தில் உங்கள் புல எண்ணுக்குள்ளோ ஒட்டியோ வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பல பள்ளங்கள் பள்ளமானதே அந்த வாய்க்கால் தூர்ந்ததால்தான், அப்படியானால் உங்களுக்கு வேண்டியது மானியம் அன்று, வாய்க்கால் தூர்வாருவது. மார்ச் 22, தண்ணீர் தினத்தன்று, கிராம சபை கூடும். உங்கள் நிலத்தையும், அதுபோல் வெள்ளம் வாங்கும் மற்ற புல எண்களையும், ஒவ்வொன்றிலும் எத்தனை அடி நீர் எத்தனை நாள் நின்றது என்ற விவரத்தோடு தீர்மானமாக எழுதவையுங்கள். அந்தக் கணக்கு இன்று எந்த அலுவலகத்திலும் இல்லை. மூங்கில் குறியின் அளவுகளை இங்கே எழுதினால், எந்தப் பகுதியில் எதைப் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.